லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப்பில் வைஃபை வரவில்லையா? அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்

எங்கள் தெருவில் டியூஷன் எடுக்கும் அக்கா ஒருவர் தன் பழைய லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்தார். லினக்ஸ் மின்ட் போட்டதிலிருந்து வைஃபை இல்லை. கடையில் காட்டியதற்கு, "கார்டு போயிடுச்சு, மாத்தணும்" என்று சொல்லிவிட்டார்களாம். மூடிய நிலையிலேயே கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். முன்பக்க விளிம்பில், அரிசி அளவுக்கு ஒரு ஸ்லைடர். அது விலகிய பள்ளத்தில் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. நகத்தால் மறுபக்கம் தள்ளிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். அக்கம்பக்கத்து வீட்டு வைஃபை பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. அக்கா அதற்குள் புது லேப்டாப்புக்குத் தவணை விசாரித்து வைத்திருந்தார்.

அந்த மாதிரி லேப்டாப்புகள் நம் வீடுகளில் நிறைய உண்டு. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்தது, அண்ணன் கல்லூரிக்கு வாங்கியது, ஆபீசில் கழித்துவிட்டது என்று ஏதாவது ஒன்று பரணில் கிடக்கும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அதனால் இவற்றில் லினக்ஸ் போடலாமா என்று கேட்பவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். போடலாம், நன்றாகவே ஓடும். இடறுகிற இடம் பெரும்பாலும் வைஃபைதான்.

வைஃபை கிடைக்க ஐந்து படி ஏற வேண்டும். கார்டு கணினியின் கண்ணில் பட வேண்டும். அதற்கு உரிய டிரைவரும் (கார்டை இயக்கும் மென்பொருள்) ஃபர்ம்வேரும் (கார்டுக்குள் ஓடும் நிரல்) ஏற வேண்டும். சுற்றியுள்ள நெட்வொர்க் பெயர்கள் தெரிய வேண்டும். பாஸ்வேர்டு சரியாகி ரவுட்டரோடு சேர வேண்டும். கடைசியாக இணையம் வர வேண்டும். எந்தப் படியில் நிற்கிறது, உள்ளே இருப்பது என்ன சிப் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாமல், எங்கோ கிடைத்த கட்டளையை டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரம்) ஒட்டாதீர்கள். பத்துப் பேருக்குப் பலித்த கட்டளை உங்கள் சிப்புக்குப் பொருந்தாமல், ஓடிக்கொண்டிருந்ததையும் நிறுத்திவிடும். அப்படிக் குழம்பி வந்த லேப்டாப்புகளைச் சரிசெய்வதுதான் எனக்கு அதிக நேரம் பிடித்த வேலை.

இங்கே மெனு பெயர்களை லினக்ஸ் மின்ட்டை வைத்துச் சொல்கிறேன். லினக்ஸின் மற்ற வகைகளான உபுண்டுவிலும் டெபியனிலும் பெயர் சற்று மாறும், வழி ஒன்றுதான். கட்டளைகளை உச்சரிப்பு வடிவில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

முதல் வேலை: கைக்கு ஒரு தற்காலிக இணையம்

டிரைவர் இறக்க இணையம் வேண்டும், இணையம் வர டிரைவர் வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க எளிய வழி உங்கள் ஆண்ட்ராய்டு போன். யூஎஸ்பி கேபிளால் லேப்டாப்பில் சொருகி, போனின் ஹாட்ஸ்பாட் அமைப்புகளில் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதை வயர் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும், தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். பெரும்பாலான போன்களில், போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அதையே கேபிள் வழியாகக் கடத்தும், டேட்டா செலவாகாது. சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள் இதற்கு உதவாது. டெதரிங் பொத்தான் மங்கலாகவே இருந்தால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். ரவுட்டரிலிருந்து லேன் கேபிள் எட்டும் என்றால் அது இன்னும் நல்லது.

இரண்டாவது வேலை: சிப்பின் பெயர்

மின்ட்டில் 'சிஸ்டம் ரிப்போர்ட்ஸ்' திறந்தால் கணினி விவரம் முழுக்க வரும். அதில் நெட்வொர்க் பகுதியைப் படியுங்கள். டெர்மினல் பழகியவர்கள் 'எல்எஸ்பிசிஐ', ஓர் இடைவெளி, கழித்தல் குறி, ஒட்டி 'என்என்கே' என்று தட்டுங்கள். 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்ற வரியில் சிப் பெயரும், சதுர அடைப்புக்குள் ஓர் அடையாள எண்ணும் இருக்கும். அதன் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று ஒரு வரி இருந்தால் டிரைவர் ஏறிவிட்டது. அந்த வரியே இல்லையென்றால் இரண்டாம் படியில் நிற்கிறீர்கள். கன்ட்ரோலர் வரியே இல்லையென்றால் முதல் படி.

பெயரைவிட அந்த எண்ணை நம்புங்கள். பிராட்காம் சிப்புகளில் 14இ4:4312 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, தன்னிடம் இருப்பது 4312 சிப் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த எண்ணுக்குரிய சிப் 4311. உண்மையான 4312 சிப்பின் எண் 14இ4:4315. தவறான டிரைவர் ஏறுவதற்கு இந்த ஒரு குழப்பமே போதும்.

"வைஃபைங்கிற பேச்சே இல்ல, பெயர் எதுவும் காட்டல"

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான்.

முதலில் சுவிட்ச். 2005-இலிருந்து 2012 வரை வந்த பல மாடல்களில் முன்விளிம்பிலோ பக்கவாட்டிலோ வைஃபைக்கென்று ஸ்லைடர் உண்டு. மற்றவற்றில் எஃப்என் விசையோடு ஆன்டெனா படம் போட்ட விசையை அழுத்த வேண்டும். டெர்மினலில் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்று தட்டினால் உண்மை தெரிந்துவிடும். 'சாஃப்ட் பிளாக்டு: யெஸ்' என்றால் மென்பொருள் அணைத்திருக்கிறது, 'ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல்' என்று தட்டினால் திறந்துவிடும். 'ஹார்டு பிளாக்டு: யெஸ்' என்றால் அது வன்பொருளின் கட்டளை. எந்த மென்பொருளாலும் அதை மீற முடியாது, சுவிட்சைத்தான் தேட வேண்டும்.

சுவிட்சே இல்லாத லேப்டாப்பிலும் சில சமயம் 'ஹார்டு பிளாக்டு' என்று காட்டும். கணினியை அணைத்து, சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் லேப்டாப்பானால், விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்பதை நிறுத்துங்கள். அது ஆனில் இருக்கும்போது விண்டோஸ் முழுதாக அணையாமல் அரைத்தூக்கத்தில் கார்டைப் பிடித்து வைத்துவிடும், அடுத்து எழும் லினக்ஸின் கைக்குக் கார்டு வராது. சில லெனோவோ மாடல்களில் 'ஐடியாபேட்_லேப்டாப்' என்ற கெர்னல் மாட்யூல் (லினக்ஸின் மையநிரலான கெர்னலோடு சேரும் ஒரு துண்டு), இல்லாத சுவிட்சை அணைந்திருப்பதாகச் சொல்லும். சோதிக்க, 'சூடோ மோட்புரோப் -ஆர் ஐடியாபேட்_லேப்டாப்' என்று தட்டுங்கள். உடனே வைஃபை வந்துவிட்டால் குற்றவாளி அதுதான். மாட்யூல்களைத் தடுக்கும் பிளாக்லிஸ்டில் அதைச் சேர்த்துவிடலாம்.

சுவிட்ச் சரி, ஆனால் டிரைவர் ஏறவில்லை என்றால் சிப்பைப் பொறுத்து வழி பிரிகிறது.

ஏதெரோஸ் என்றால் கவலை குறைவு. ஏஆர்9285, ஏஆர்9485 போன்றவை 'ஏடிஎச்9கே' டிரைவரில் ஓடும், லேப்டாப்புக்குள் இருக்கும் இந்தக் கார்டுகளுக்குத் தனி ஃபர்ம்வேர் கோப்பே தேவையில்லை. பழைய லேப்டாப்புக்கு எந்தக் கார்டு நல்லது என்று யாராவது கேட்டால் நான் தயங்காமல் சொல்வது இதைத்தான்.

இன்டெல் 3945, 4965, 5100, 6205 எல்லாவற்றுக்கும் டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது, ஆனால் ஃபர்ம்வேர் கோப்பு வேண்டும். ஃபர்ம்வேர் என்பது கார்டுக்குள் இருக்கும் குட்டிச் செயலிக்கான நிரல். லினக்ஸ் எழும்போது அதைக் கார்டுக்குள் ஊட்ட வேண்டும், ஊட்டாவிட்டால் கார்டு எழாது. மின்ட், உபுண்டுவில் இந்தக் கோப்புகள் கூடவே வரும். டெபியனில் நெடுங்காலம் வரவில்லை. 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுத்து முடிவு செய்த பிறகு, 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல்தான் அதிகாரபூர்வ இன்ஸ்டாலரிலேயே சேர்த்துத் தருகிறார்கள். அதற்கு முந்தைய டெபியனை அடிப்படையாகக் கொண்ட எதையாவது போட்டிருந்தால் இதைச் சந்தேகப்படுங்கள். 'சூடோ டிமெசேஜ்' கட்டளையில் (தட்டும்போது டி-எம்-இ-எஸ்-ஜி என்ற ஐந்து எழுத்து) ஃபர்ம்வேர் என்ற சொல் வரும் வரிகளைப் பாருங்கள். 'எரர் -2' என்று முடிந்தால், கோப்பு கிடைக்கவில்லை என்று பொருள். எந்தக் கோப்பு என்பதும் அதே வரியில் இருக்கும்.

பிராட்காம்தான் பொறுமை கேட்கும். 4311, 4312 சிப்புகளுக்கு 'பி43' என்ற திறந்தமூல டிரைவர் கெர்னலில் உண்டு, ஃபர்ம்வேரைத் தனியாக இறக்க வேண்டும். 'ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர்' என்ற பொதி (நிறுவுவதற்கான மென்பொருள் தொகுப்பு) இணையத்திலிருந்து அதை எடுத்துப் பிரித்து வைக்கும். 4313-க்கும் 43224-க்கும் 'பிஆர்சிஎம்எஸ்மேக்' என்ற திறந்தமூல டிரைவர் உண்டு. இதன் மூலநிரலை பிராட்காமே 2010 செப்டம்பரில் வெளியிட்டது. 43142-க்கு இவை இரண்டும் ஆகாது. அதற்கு பிராட்காமின் மூடிய டிரைவரான 'டபிள்யூஎல்' மட்டுமே வழி. மின்ட்டில் 'டிரைவர் மேனேஜர்' திறந்தால் உங்கள் சிப்புக்கு எது பொருந்தும் என்று அதுவே காட்டும். போன் டெதரிங்கும் இல்லையா? மின்ட் நிறுவிய பென்டிரைவை மறுபடி சொருகுங்கள், அதிலிருந்தே பிராட்காம் டிரைவரை எடுத்துக்கொள்ள டிரைவர் மேனேஜர் வழி தரும்.

இதில் ஒன்றை மறக்காதீர்கள்: பி43-ஐயும் டபிள்யூஎல்லையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போடாதீர்கள். டபிள்யூஎல் பொதி ஏறும்போது மற்ற பிராட்காம் டிரைவர்களைப் பிளாக்லிஸ்டில் சேர்த்துவிடும். பிறகு நீங்கள் பி43-க்குத் திரும்பினாலும் அந்தத் தடை நிற்கும். ஒன்று சரிவரவில்லை என்றால் அதை முழுதாக நீக்கி, மறுதொடக்கம் செய்து, அதன் பிறகே அடுத்ததைப் போடுங்கள்.

விண்டோஸ் 8 காலத்துக்குப் பிறகு வந்த லேப்டாப் என்றால் 'செக்யூர் பூட்' (கையொப்பம் இல்லாத நிரலைத் தடுக்கும் பாதுகாப்பு) இருக்கும். டபிள்யூஎல் போடும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்டு, மறுதொடக்கத்தில் நீலத்திரை ஒன்று வரும். அதில் 'என்ரோல் மோக்' என்பதைத் தேர்ந்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். அவசரத்தில் அதைத் தாண்டிவிட்டால், டிரைவர் நிறுவியதாகக் காட்டும், ஆனால் ஏறாது.

"எல்லார் வைஃபையும் தெரியுது, எங்க வீட்டுது மட்டும் தெரியல"

கார்டும் டிரைவரும் நலம். சந்தேகப்பட வேண்டியது ரவுட்டரின் அலைவரிசையை.

கார்டின் விவரத்தில் 'பி/ஜி' அல்லது 'பி/ஜி/என்' என்றிருந்தால் அது 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் கேட்கும். முன்னால் 'ஏ' சேர்ந்து 'ஏ/பி/ஜி/என்' என்றிருந்தால் 5 கிகாஹெர்ட்ஸும் கேட்கும். ரவுட்டரில் 2.4-ஐ யாரோ அணைத்துவிட்டிருந்தால், புதுப் போன்களுக்குத் தெரியும், பழைய லேப்டாப்புக்குத் தெரியாது.

2.4 ஆனில் இருந்தும் தெரியவில்லையா? சேனல் எண்ணைப் பாருங்கள். இந்தியாவில் 2.4-இல் 1 முதல் 13 வரை சேனல்கள் உண்டு, அமெரிக்காவில் வழக்கம் 1 முதல் 11. அமெரிக்கச் சந்தைக்கென்று எழுதப்பட்ட கார்டுகள் நம் ஊர் லேப்டாப்புகளிலும் இருக்கின்றன, அவை 12, 13-ஐக் கேட்பதே இல்லை. ரவுட்டர் 'ஆட்டோ'வில் இருந்தால் நெரிசல் குறைந்த சேனலைத் தேடி 12-க்கோ 13-க்கோ தாவிவிடும். நேற்று வந்த வைஃபை இன்று காணோம், நாளை மறுபடி வருகிறது என்ற விசித்திரத்துக்கு இதுவே காரணமாக இருக்கலாம். லேப்டாப்பில் நாட்டை இந்தியா என்று மாற்றினாலும், கார்டின் நினைவகத்தில் எழுதிய எல்லையைத் தாண்ட முடியாமல் போகலாம். ரவுட்டர் பக்கத்தில் 2.4-க்குச் சேனலை 1, 6, 11 என்ற மூன்றில் ஒன்றாக நிலைநிறுத்திவிடுங்கள். கூடவே அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள். பழைய கார்டுக்கு அதுதான் நிம்மதி.

"பாஸ்வேர்டு சரியாத்தான் போடுறேன், மறுபடி மறுபடி கேக்குது"

பாஸ்வேர்டுப் பெட்டியில் 'காட்டு' என்ற குறியை அழுத்தி, தட்டியது என்ன என்று கண்ணால் பாருங்கள். நம்மில் பலர் தமிழ்99 விசைப்பலகையும் போட்டிருப்போம். அது ஆனில் இருந்தால் புள்ளிகளுக்குப் பின்னால் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருக்கும். போனிலிருந்து பார்த்து எழுதும்போது பூஜ்யமும் ஓ எழுத்தும் மாறுவதும் சகஜம்.

பாஸ்வேர்டு சரிதான் என்றால், ரவுட்டரின் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். 2018-இல் அறிமுகமான டபிள்யூபிஏ3-ஐப் புது ரவுட்டர்கள் கட்டாயமாக்கி வைத்திருக்கலாம். பழைய கார்டுகள் பலவற்றால், பிராட்காமின் டபிள்யூஎல் டிரைவராலும்கூட, அதில் சேர முடியாது. அதைப் புரியும்படி சொல்லவும் தெரியாமல் பாஸ்வேர்டையே திரும்பத் திரும்பக் கேட்கும். ரவுட்டரில் 'டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 கலப்பு' என்று வையுங்கள். அப்படியும் சேரவில்லை என்றால் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று வையுங்கள். லேப்டாப் ஓடுவதற்காக டபிள்யூஇபி என்ற பழைய பாதுகாப்பு முறை வரைக்கும் இறங்கவே கூடாது. அதை நிமிடங்களில் உடைத்துவிடுவார்கள், வீட்டில் உள்ள எல்லார் போனும் அந்த ரவுட்டரை நம்பித்தான் இருக்கிறது.

மூன்றாவது காரணம் அதிகம் பேருக்குத் தெரியாது. லினக்ஸில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜர், தனியுரிமைக்காக நெட்வொர்க் தேடும்போது கார்டின் மேக் முகவரியை (கார்டுக்கு உரிய அடையாள எண்) மாற்றி மாற்றிக் காட்டும். சில யூஎஸ்பி டாங்கிள்களும் (வெளியே சொருகும் குட்டி வைஃபை கருவிகள்) சில பழைய டிரைவர்களும் இந்த மாற்றத்தில் தடுமாறி, சேரும் நேரத்தில் விழுந்துவிடும். நெட்வொர்க் மேனேஜரின் அமைப்புக் கோப்பில் 'டிவைஸ்' என்ற சதுர அடைப்புத் தலைப்பின் கீழ் 'வைஃபை.ஸ்கேன்-ராண்ட்-மேக்-அட்ரஸ்=நோ' என்று ஒரு வரி சேர்த்து மறுதொடக்கம் செய்தால் தீரும்.

கேட்பது வைஃபை பாஸ்வேர்டா, 'கீரிங்' (சேமித்த பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் பெட்டகம்) பாஸ்வேர்டா என்றும் கவனியுங்கள். ஆன் செய்தவுடன் தானாக உள்நுழையும்படி வைத்தவர்களுக்கு வருவது பின்னது. இணைப்பின் அமைப்பில் 'எல்லாப் பயனர்களும் பயன்படுத்தலாம்' என்பதைத் தேர்ந்தால் அது கேட்பது நின்றுவிடும்.

"கனெக்ட் ஆயிடுச்சு, ஆனா நெட் வரல"

டெர்மினலில் 'பிங் 8.8.8.8' தட்டுங்கள். பதில் வந்தால் இணையம் வருகிறது, பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் மட்டும் சிக்கல். இணைப்பின் ஐபிவி4 பகுதியில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 1.1.1.1 அல்லது 8.8.8.8 கொடுங்கள். பதில் வரவில்லை என்றால் ரவுட்டரை 'பிங்' செய்யுங்கள், பல வீடுகளில் 192.168.1.1. அதுவும் இல்லையென்றால் ரவுட்டர் முகவரியே தரவில்லை. 'மறந்துவிடு' கொடுத்துப் புதிதாகச் சேருங்கள்.

பிங் எல்லாம் சரி, ஆனால் உலாவி மட்டும் எந்தத் தளத்துக்குப் போனாலும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று மிரட்டுகிறதா? மூலையில் இருக்கும் தேதியைப் பாருங்கள். பழைய லேப்டாப்பின் போர்டில் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032 வகை. அது தீர்ந்தால், லேப்டாப்புக்கு மின்சாரம் முழுதாக நின்ற ஒவ்வொரு முறையும் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். தளங்களின் சான்றிதழ்கள் அந்தத் தேதியில் இன்னும் பிறக்கவே இல்லை என்பதால் உலாவி ஏற்க மறுக்கும். இப்போதைக்குத் தேதியைக் கையால் திருத்தி, 'தானாக நேரம் பெறு' என்பதை ஆன் செய்யுங்கள். பேட்டரியை மாற்றும்போது பழையதைக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள். சில லேப்டாப்புகளில் அது இரண்டு வயரும் ஒரு கனெக்டரும் வைத்தே வரும்.

"வருது, போவுது"

ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்தாலும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அறுந்தால், முதல் சந்தேகம் மின்சேமிப்பின்மேல். லினக்ஸ், பேட்டரியைக் காக்க வைஃபை கார்டை இடையிடையே தூங்க வைக்கும், பழைய கார்டுகள் சில தூக்கத்திலிருந்து சரியாக எழாது. இடிசி ஃபோல்டருக்குள் நெட்வொர்க்மேனேஜர், அதற்குள் 'கான்ஃப்.டி'. அங்கே 'டிஃபால்ட்-வைஃபை-பவர்சேவ்-ஆன்' என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கும். அதில் 'வைஃபை.பவர்சேவ் = 3' என்பதை 2 ஆக்குங்கள். 3 என்றால் சேமி, 2 என்றால் சேமிக்காதே. மறுதொடக்கம் செய்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

இன்டெல் கார்டில் அதற்குப் பிறகும் அறுந்தால், 'என்' வகை வேகத்தை அணைத்துப் பார்க்கலாம். 'இடிசி/மோட்புரோப்.டி' ஃபோல்டரில் ஒரு கோப்பு திறந்து 'ஆப்ஷன்ஸ் ஐடபிள்யூஎல்வைஃபை 11என்_டிசேபிள்=1' என்று எழுத வேண்டும். உச்ச வேகம் 54 எம்பிபிஎஸ்-க்கு இறங்கும், ஆனால் அறுபடாது. வகுப்பு நடுவில் நின்றுபோகும் வேகத்தைவிட, நிற்காமல் ஓடும் வேகம் மேல்.

சிக்னல் ஒரு கோடுதான், பக்கத்து அறைக்குப் போனால் அதுவும் இல்லை என்பவர்கள், உங்கள் சிப் ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஇ-யா என்று பாருங்கள். இந்தக் கார்டில் ஆன்டெனாவுக்கு இரண்டு முனைகள். சில லேப்டாப்புகளில் ஒன்றில் மட்டுமே வயர் மாட்டியிருக்கிறார்கள், டிரைவரோ வயர் இல்லாத முனையில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். மேலே சொன்ன அதே ஃபோல்டரில் 'ஆப்ஷன்ஸ் ஆர்டிஎல்8723பிஇ ஏஎன்டி_எஸ்இஎல்=2' என்று எழுதி மறுதொடக்கம் செய்யுங்கள். மாற்றம் இல்லையென்றால் 2-ஐ 1 ஆக்குங்கள். ஒரு கோடு நான்கு கோடாவதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

"வேகமே இல்ல"

எதிர்பார்ப்பை முதலில் அளந்துகொள்ளுங்கள். 'பி/ஜி' கார்டின் அட்டையில் 54 எம்பிபிஎஸ் என்று இருக்கும், கைக்குக் கிடைப்பது 20-ஐ ஒட்டித்தான். வீட்டில் 100 எம்பிபிஎஸ் இணைப்பு இருந்தாலும் அந்தக் கார்டு அதற்குமேல் தராது. 'என்' கார்டு இருந்தும் 54-ஐத் தாண்டவில்லை என்றால், ரவுட்டரில் பாதுகாப்பு 'டிகேஐபி' என்று இருக்கிறதா பாருங்கள். டிகேஐபி-யோடு 'என்' வேகம் கிடையாது, அது விதி. 'ஏஇஎஸ்' ஆக்குங்கள்.

புளூடூத் ஹெட்போன் மாட்டும்போது மட்டும் குறைகிறது என்றால், இரண்டும் ஒரே 2.4-இல் முட்டிக்கொள்கின்றன. கார்டு 5-ஐக் கேட்கும் என்றால் வைஃபையை அங்கே மாற்றுங்கள், இல்லையென்றால் வயர் ஹெட்போன்தான்.

"மூடித் திறந்தா வைஃபை இல்ல"

'சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் நெட்வொர்க்மேனேஜர்' முதலில். (இந்தக் கட்டளையில் மட்டும் நெட்வொர்க் என்பதன் முதலெழுத்தும் மேனேஜர் என்பதன் முதலெழுத்தும் பேரெழுத்து.) வரவில்லை என்றால் டிரைவரையே இறக்கி ஏற்றுங்கள்: ஏதெரோஸுக்கு 'சூடோ மோட்புரோப் -ஆர் ஏடிஎச்9கே', பிறகு '-ஆர்' இல்லாமல் அதே கட்டளை. மற்றச் சிப்புகளுக்கு, ஆரம்பத்தில் குறித்துவைத்த டிரைவர் பெயரைப் போடுங்கள்.

"அப்டேட் போட்டேன், போச்சு"

பயப்படாதீர்கள், பழைய கெர்னல் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. ஆன் செய்யும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள் (யூஇஎஃப்ஐ என்ற புது வகைத் தொடக்க நிரல் உள்ளவற்றில் எஸ்கேப்). வரும் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய், முந்தைய கெர்னலைத் தேர்ந்து எழுப்புங்கள். வைஃபை வந்தால், புதுக் கெர்னலுக்கு டபிள்யூஎல் போன்ற வெளி டிரைவர் கட்டப்படவில்லை என்று பொருள். புதுக் கெர்னலுக்கான 'ஹெடர்ஸ்' பொதியை நிறுவி, டிரைவரை ஒருமுறை நீக்கிப் போட்டால் போதும். அதுவரை பழைய கெர்னலை அழித்துவிடாதீர்கள்.

எதற்கும் மசியவில்லை என்றால்

இரண்டு வழி: யூஎஸ்பி டாங்கிள், அல்லது உள்ளே வேறு கார்டு.

டாங்கிள் வாங்கும்போது பிராண்டைப் பார்க்காதீர்கள், சிப்பைப் பாருங்கள். ஏஆர்9271, ஆர்டி5370, எம்டி7601யூ ஆகிய மூன்றுக்கும் கெர்னலிலேயே டிரைவர் உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் வேண்டும் என்றால் எம்டி7612யூ. ஒரே மாடல் பெயரில் முதல் பதிப்புக்கு ஒரு சிப்பும் அடுத்த பதிப்புக்கு வேறு சிப்பும் வைப்பார்கள், பதிப்பு எண்ணையும் கேளுங்கள். அட்டையில் 'லினக்ஸ் ஆதரவு' என்று போட்டிருப்பது சில சமயம், மூலநிரலை நீங்களே கம்பைல் செய்துகொள்ளுங்கள் என்ற பொருளில்தான். சொருகியதும் டாங்கிள் ஒரு சிடி டிரைவ் போலத் தோன்றினால் அந்த ஐகானை 'இஜெக்ட்' செய்யுங்கள். அதன்பின் வைஃபையாக மாறும்.

உள்கார்டை மாற்ற நினைத்தால், வாங்குவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். திங்க்பேட், எச்பி பழைய மாடல்கள் சிலவற்றின் பயோஸில் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் நிரல்) அனுமதிப் பட்டியல் உண்டு. அதில் இல்லாத கார்டைப் போட்டால், திங்க்பேடில் 1802 என்றும் எச்பியில் 104 என்றும் பிழை காட்டி அங்கேயே நின்றுவிடும். உங்கள் மாடலுக்கு அந்தப் பட்டியல் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

பேட்டரியைக் கழற்றிய பிறகே அடிமூடியைத் திறங்கள். தீப்பெட்டியைவிடச் சிறிய பச்சைப் பலகை ஒன்றில் கறுப்பு, வெள்ளை அல்லது சாம்பல் நிற மெல்லிய வயர்கள் இரண்டு வந்து சேரும். அவற்றின் நுனியில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய பொன்னிறப் பட்டன்கள். நகத்தை அடியில் கொடுத்து நேர் மேலே தூக்குங்கள், வயரைப் பிடித்து இழுத்தால் நுனி கையோடு வந்துவிடும். எந்த நிறம் எந்த முனையில் இருந்தது என்று முதலில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். புதுக் கார்டில் பட்டனை வைத்து அழுத்தும்போது 'டிக்' என்ற மெல்லிய சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அது மேலே உட்கார்ந்திருக்கிறது, உள்ளே அமரவில்லை. மூடியின் எல்லாத் திருகுகளையும் முடுக்குவதற்கு முன்பே லேப்டாப்பை நிமிர்த்தி ஆன் செய்து, அடுத்த அறைவரை கொண்டுபோய் சிக்னல் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.